மணிக்கணக்கில் விலை கேட்கும் கேமர் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கேமர் நண்பர்களுக்கு வணக்கம்.

நான் ஆக்கிய சிறிய கணினி விளையாட்டு ஒன்றின் விற்பனைப் பக்கத்தில், "70 நிமிடத்தில் முடிந்துவிட்டது, இதற்கு 180 ரூபாயா?" என்று உங்களில் ஒருவர் எழுதியிருந்தார். அவர் எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்த விளையாட்டு ஏறத்தாழ 70 நிமிடத்தில்தான் முடிகிறது. அதன் விலையும் 180 ரூபாய்தான். முன்னதால் பின்னதை வகுத்து, மணிக்கு இவ்வளவு ஆகிறது, ஆகவே கட்டுப்படியாகாது என்று தீர்ப்பளிக்கும் பழக்கத்தில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் போடுபவர் அவர் ஒருவர் மட்டுமல்லர் என்பதால், அவருக்குத் தனியாகப் பதில் எழுதாமல் உங்கள் எல்லோருக்குமாக இந்த மடலை எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் பம்ப்செட் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் வரைபடப் பிரிவில் வேலை பார்க்கிறேன். விளையாட்டு ஆக்குவது எனக்குத் தொழில் அன்று. சனி இரவும் ஞாயிறு பகலும் செய்கிற வேலை. அர்ஜென்டினாவில் பிறந்து 2014 முதல் திறந்த மூல மென்பொருளாகக் கிடைக்கும் கோடோ என்ற கருவியில் ஆக்குகிறேன். அதற்கு உரிமக் கட்டணம் இல்லை. ஆகவே நான் எழுதப்போவதை ஒரு நிறுவனத்தின் வாதமாகக் கொள்ள வேண்டாம். விற்காவிட்டாலும் எனக்குச் சோறு உண்டு. அந்த வசதி இருப்பதனாலேயே சில விஷயங்களை வெளிப்படையாகப் பேச முடிகிறது.

மணிக்கணக்கு நமக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? என் வயதுக்காரர்களுக்கு அது பிரவுசிங் சென்டரிலிருந்து வந்தது. 2000-களின் முற்பகுதியில் எங்கள் தெருமுனைக் கடையில் மணிக்கு 20 ரூபாய், அரைமணிக்கு 10 ரூபாய். கவுண்டர்-ஸ்ட்ரைக்கும் வைஸ் சிட்டியும் ரோடு ராஷும் அங்கே எல்லாக் கணினிகளிலும் இருந்தன. அவற்றைக் கடைக்காரர் காசு கொடுத்து வாங்கியிருப்பார் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. வீட்டில் கணினி வந்த பிறகு, சென்னைக்குப் போய்வந்த யாரோ ஒருவர் பர்மா பஜாரிலிருந்து கொண்டுவரும் குறுந்தகடு ஊர் முழுவதும் சுற்றிவரும். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். இப்போது நல்லவன் வேடம் போட விரும்பவில்லை. நேரத்துக்குக் காசு, விளையாட்டு இலவசம் என்பதுதான் நமக்குப் பழகிப்போன ஏற்பாடு. விளையாட்டையே காசு கொடுத்து வாங்கும் காலம் வந்தபோது, பழைய கணக்கைத் தலைகீழாக்கி, கொடுத்த காசுக்கு எத்தனை மணிநேரம் தருவாய் என்று கேட்கத் தொடங்கினோம். இப்படிப் பழகியதில் நம் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கணக்கு விளையாட்டின் உள்ளே புகுந்து அதன் வடிவத்தையே மாற்றுகிறது என்பதை, விளையாடும் பக்கத்தில் மட்டும் இருந்தவரை நானும் உணரவில்லை.

காசு எந்த வழியாக வாங்கப்படுகிறதோ அந்த வழிக்கேற்ப விளையாட்டும் வளைந்துகொள்கிறது. நாணயம் போட்டு ஆடும் எந்திரங்கள் இருந்த காலத்தில், மூன்று நிமிடத்தில் உங்களைத் தோற்கடித்து அடுத்த நாணயத்தை எடுக்க வைப்பதே ஆக்குபவரின் திறமையாக இருந்தது. அமெரிக்காவில் விளையாட்டுகளை வாடகைக்கு விடும் கடைகள் பெருகியபோது வேறொரு வளைவு ஏற்பட்டது. நம்மில் பலர் சிறுவயதில் விளையாடித் திணறிய, 1994-இல் வெளிவந்த தி லயன் கிங் விளையாட்டை நினைவிருக்கிறதா? குரங்குகள் நம்மைத் தூக்கித் தூக்கி எறியும் அந்த இரண்டாம் லெவலில் எத்தனை பேர் அதைக் கைவிட்டிருப்போம்! வாடகைக்கு எடுப்பவர்கள் சில நாட்களில் ஆடி முடித்துத் திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த விளையாட்டு அவ்வளவு கடினமாக்கப்பட்டது என்று, அதை ஆக்கிய வெஸ்ட்வுட் நிறுவனத்தின் லூயிஸ் காசில் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இன்றைய இலவச மொபைல் விளையாட்டுகளிலும் இதே கதைதான். தினமும் உள்ளே வந்து பரிசை எடுத்துக்கொள், நான்கு மணிநேரம் காத்திரு, காத்திருக்க முடியாவிட்டால் காசு கொடு என்று அவை கேட்பதற்குக் காரணம், நீங்கள் உள்ளே இருக்கும் நேரமே அவற்றின் வருமானம் என்பதுதான். இந்த மூன்றிலும் நீங்கள் பட்ட எரிச்சலுக்கு வேர், ஆக்கியவரின் திறமைக் குறைவைவிடக் காசு வாங்கிய முறையில்தான் அதிகம் இருக்கிறது.

இனி என் விளையாட்டுக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் 70 நிமிடம் எப்படி 70 நிமிடம் ஆனது என்பது புரியும்.

அது மடை மாற்றி வயலுக்கு நீர் பாய்ச்சும் புதிர் விளையாட்டு. திரையில் ஒரு வாய்க்கால், அதன் இருபுறமும் மேடும் பள்ளமுமாக வயல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மடை. நீங்கள் நீர்பாய்ச்சி. உங்களுக்கு ஒதுக்கப்பட்ட முறைநேரம் முடிவதற்குள் எல்லா வயலும் நனைய வேண்டும். தலைமடையைத் திறந்து வைத்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. தலைமடையை முதலிலேயே அடைத்துவிட்டால் மேட்டு வயல் காய்ந்துபோகும். விதிகள் இவ்வளவுதான். இவற்றை வைத்துக்கொண்டு முதலில் 61 லெவல்கள் ஆக்கினேன். என்னைப் போன்ற அமெச்சூர்கள் எல்லோரும் செய்யும் முதல் பிழை இது: ஒரு விதி கிடைத்துவிட்டால் போதும், அதிலிருந்து எத்தனை புதிர் கறக்க முடியுமோ அத்தனையும் கறந்துவிடுவோம். எண்ணிக்கை கூடக்கூட, பெரிய வேலை செய்துவிட்ட மயக்கமும் கூடும்.

பிறகு பிறரைக் கூப்பிட்டு விளையாடச் சொன்னேன். அருகில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், அவர்கள் கை எங்கே தயங்குகிறது என்று மட்டும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். விளையாட்டு ஆக்குவதில் மிகக் கடினமான வேலை எது என்று கேட்டால், நிரல் எழுதுவதையும் படம் வரைவதையும் சொல்ல மாட்டேன். பக்கத்தில் இருப்பவர் தவறான மடையைத் திறக்கும்போது பேசாமல் இருப்பதைத்தான் சொல்வேன். பக்கத்து வீட்டுப் பள்ளி மாணவி 19-ஆம் லெவலில் கொட்டாவி விட்டாள். அலுவலக நண்பர் 30-க்குப் பிறகு யோசிப்பதை நிறுத்திவிட்டுக் கைபோன போக்கில் எதையோ திறந்து மூடிக்கொண்டிருந்தார். கணினி விளையாட்டையே தொட்டறியாத என் அத்தை மட்டும் திரையை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, இத்தனை தண்ணியவும் ஒரே மடையில உட்டா வரப்பு ஒடைஞ்சு போயிருமல்லோ" என்றார். வயலில் நின்று தண்ணீர் கட்டியவர் அவர். ஒரு மடையில் அளவுக்கு மீறி நீர் போனால் வரப்பு உடைந்து பக்கத்து வயலும் மூழ்கும் என்ற விதி அவர் வாயிலிருந்து வந்தது. விளையாட்டுக்கு உயிர் வந்ததும் அன்றுதான். அந்த ஒரு விதி சேர்ந்ததும், அதற்கு முன் நான் ஆக்கியிருந்த புதிர்களில் பாதிக்கு மேல் பொருளற்றுப் போயின.

வெட்டத் தொடங்கினேன். விளையாடுபவர் ஒருமுறை கண்டுபிடித்துவிட்டதை மீண்டும் கண்டுபிடிக்கச் சொல்லும் லெவல் எதையும் விட்டுவைப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டேன். 61 லெவல்கள் 40 ஆகி, 31 ஆகி, கடைசியில் 24-இல் நின்றன. ஒரு வாரம் முழுக்க உட்கார்ந்து ஆக்கிய ஆறு லெவல்களை ஒரே இரவில் நீக்கியதும் உண்டு. இந்த வெட்டும் வேலைக்கு மட்டும் நான்கு மாதம் பிடித்தது. 70 நிமிடம் என்று நீங்கள் எண்ணிச் சொன்னது, இப்படி வெட்டி மிஞ்சிய நேரம். வெட்டாமல் விட்டிருந்தால் மூன்று மணிநேரம் வந்திருக்கும். உங்கள் வகுத்தல் கணக்கில் எனக்கு நல்ல மதிப்பெண்ணும் விழுந்திருக்கும்.

அந்த மதிப்பெண்ணுக்கு நான் ஆசைப்பட்டேன் என்பதையும் மறைக்கக் கூடாது. முதல் ரிவ்யூவுக்குப் பின் அதே தொனியில் இன்னும் சில வந்தன. சிலர் விளையாடி முடித்துவிட்டு, நன்றாக இருந்தது என்றும் எழுதிவிட்டு, காசைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மனம் பொறுக்காமல், நீக்கிய லெவல்களை எல்லாம் தோண்டியெடுத்துச் சிறிது மாற்றி மீண்டும் சேர்த்தேன். 52 ஆயிற்று. தண்ணீர் ஓடும் வேகத்தைக் குறைத்தேன். அடுத்த பகுதிக்குப் போக மூன்று நட்சத்திரம் வேண்டும் என்று ஒரு பூட்டும் போட்டேன். விளையாட்டு நான்கு மணிநேரத்தைத் தொட்டது. அதன்பின் நேரம் குறைவு என்ற புகார் நின்றுவிட்டது. ஆனால் வேறொன்று நடந்தது. கடைசி லெவலை முடித்தால் கிடைக்கும் அச்சீவ்மெண்ட்டை எத்தனை பேர் பெற்றார்கள் என்பதை என்னால் பார்க்க முடியும். 24 லெவல்கள் இருந்தபோது வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு மேல் முடித்திருந்தார்கள். 52 ஆன பிறகு பத்தில் ஒருவர்கூட முடிக்கவில்லை. கடைசி லெவலில் ஒரு திருப்பம் உண்டு. முதலிலிருந்து கடைமடை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த வயல், இன்னொரு வாய்க்காலின் தலைமடை என்பது அங்கேதான் தெரியவரும். மொத்த விளையாட்டையும் அந்த ஒரு நொடிக்காகத்தான் ஆக்கினேன். அதை யாரும் பார்க்காதபடி நானே சுவர் எழுப்பிவிட்டேன். ஆறு மாதம் கழித்து வெட்கத்தோடு பழைய 24-க்கே திரும்பினேன்.

சிறியதாக இருப்பது என் விளையாட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஆடம் ராபின்சன்-யூ ஆக்கி 2019-இல் வெளியான எ ஷார்ட் ஹைக் என்ற விளையாட்டில், ஒரு சிறு பறவை கைப்பேசிக்கு சிக்னல் கிடைக்கும் இடம் தேடி மலையேறுகிறது. ஒன்றரை மணிநேரத்தில் உச்சியை அடைந்துவிடலாம். 2020-இல் சுயாதீன விளையாட்டு விழாவின் தலைசிறந்த பரிசு அதற்குத்தான் கிடைத்தது. நமக்கு இன்னும் நெருக்கமான வெண்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலை இறுதியில் வெளியிட்ட அந்த விளையாட்டு, கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையைச் சமையல் வழியே சொல்கிறது. அதுவும் ஏறத்தாழ ஒன்றரை மணிநேரம்தான்; விலை 15 டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. அதன் நீளத்தையும் விலையையும் சேர்த்து முணுமுணுத்தவர்கள் உண்டு. அம்மா கொடுத்த சமையல் குறிப்பேட்டில் எழுத்துகள் அழிந்து கிடக்க, இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாத் தட்டுக்கும் போகும் என்று நாமே யோசித்துக் கண்டுபிடிக்கும் அந்த முதல் புதிரை நினைத்துப் பாருங்கள். அதுபோல் நாற்பது பலகாரம் சமைக்கச் சொல்லியிருந்தால் பத்தாவதிலேயே அது ஓட்டல் வேலையாகிவிட்டிருக்கும்; தாய் வெண்பாவும் மகன் கவினும் நம் மனத்திலிருந்து நழுவியிருப்பார்கள். அவர்கள் நீட்டவில்லை. 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு ஆக்குநர்களின் முதல் விளையாட்டுக்குத் தரும் விருதும், முன்னே சொன்ன அதே விழாவின் தலைசிறந்த பரிசும் வெண்பாவுக்குக் கிடைத்தன.

எல்லோருக்கும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் 2015 ஜூன் முதல், வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணிநேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் எந்தக் காரணத்துக்காகக் கேட்டாலும் காசைத் திருப்பித் தருகிறார்கள். அந்த விதியை நான் குறை சொல்ல மாட்டேன். அறிமுகமில்லாத ஒருவரின் விளையாட்டைத் துணிந்து வாங்க அது உங்களுக்குத் தெம்பு தருகிறது. எனக்கும் பலமுறை உதவியிருக்கிறது. ஆனால் முழு விளையாட்டுமே இரண்டு மணிநேரத்துக்குள் அடங்கிவிட்டால், முடித்துவிட்டும் திருப்பிக் கொடுக்கலாம். எமிகா கேம்ஸ் என்ற பெயரில் தனியாளாக இயங்கிய ஒருவர், சம்மர் ஆஃப் '58 என்ற தம் திகில் விளையாட்டுக்கு நல்ல ரிவ்யூக்கள் வந்தும் ஏராளமானோர் காசைத் திரும்பப் பெற்றுக்கொண்டதால், விளையாட்டு ஆக்குவதிலிருந்தே காலவரையறையின்றி விலகுவதாக 2021 ஆகஸ்டில் அறிவித்தார். அவர் சட்டப்படி ஏமாற்றப்படவில்லை. விளையாட்டைப் பிடிக்கவில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. அது சிறியதாக இருந்தது, அவ்வளவுதான்.

இனி விலை. 180 ரூபாய் என்னிடம் 180 ரூபாயாக வந்து சேர்வதாக உங்களில் சிலர் எண்ணுவது தெரிகிறது. ஸ்டீமில் விற்கும் ஒரு 180 ரூபாய் விளையாட்டை வைத்துக் கணக்குப் போடுவோம். அதற்குள் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது. அதைக் கழித்தால் ஏறத்தாழ 152 ரூபாய். அதில் கடையின் பங்கு 30 சதவீதம். ஆக்கியவருக்கு மிஞ்சுவது 107 ரூபாய்க்குப் பக்கம். அதற்கு வருமான வரி தனி. விளையாட்டைப் பட்டியலில் சேர்க்க முதலில் 100 டாலர் கட்ட வேண்டும், 2017 முதல் இதுதான் நடைமுறை. விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால்தான் அந்த 100 டாலர் திரும்ப வரும். ஆக, எண்பதுக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றால்தான் வாசற்படிக் கட்டணமே தேறும். ஒரு கோடி டாலருக்கு மேல் விற்கும் விளையாட்டுகளுக்கு, அதற்கு மேற்பட்ட விற்பனையில் கடையின் பங்கு 25 சதவீதம். ஐந்து கோடிக்கு மேல் 20 சதவீதம். தலைமடைக்காரருக்கு ஒரு நியாயம், கடைமடைக்காரருக்கு ஒரு நியாயம் என்று என் அத்தை சொல்லியிருப்பார். தனியாட்கள் தம் விளையாட்டுகளை விற்கும் இட்ச் தளத்தில் மட்டும் கடையின் பங்கு எவ்வளவு என்பதை விற்பவரே முடிவு செய்துகொள்ளலாம். நாமாக மாற்றாவிட்டால் 10 சதவீதம். ஆனால் உங்களில் பெரும்பாலோர் அங்கே வருவதில்லை.

இந்தக் கணக்கைக் காட்டி உங்கள் இரக்கத்தைக் கேட்கவில்லை. என் உழைப்புக்கு ஏற்ப விலை வை என்றால் 14 மாத வார இறுதிகளுக்கு எந்த விலையும் ஈடாகாது. அந்த உழைப்பை உங்கள் தலையில் கட்டவும் எனக்கு உரிமை இல்லை. அந்த வேலையை நான் ஆசைப்பட்டுச் செய்தேன். ஆக்கியவர் பட்ட பாடு விலைக்குக் காரணமாக முடியாது என்பதில் உங்களோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன். அதேபோல் விளையாடியவர் செலவிட்ட நேரமும் அளவுகோலாக முடியாது என்பதில் நீங்களும் என்னோடு ஒத்துப்போக வேண்டும்.

அப்படியானால் 2.99 டாலருக்கு வந்த வேம்பயர் சர்வைவர்ஸ் என்ற விளையாட்டு எப்படிப் பல பத்து மணிநேரம் தந்தது என்று கேட்பீர்கள். எப்போதும் கேட்கிறீர்கள். லூக்கா கலான்டே 2021 டிசம்பரில் அந்த விலைக்கு அதை எர்லி ஆக்சஸில், அதாவது முழுமையாகும் முன்பே விற்கும் முறையில், வெளியிட்டார். 2022 அக்டோபரில் முழு வடிவம் வந்தபோது 4.99 டாலர் ஆக்கினார். சிறந்த விளையாட்டுக்கான பாஃப்டாவையும் வென்றார். நானும் அதில் பல இரவுகளை இழந்தவன்தான். ஆனால் அரைமணி நேர ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆட வைப்பதுதான் அதன் உயிர். பெட்டி திறக்கும்போது விளக்குகள் சுழன்று பரிசு விழும் அந்தக் காட்சியைப் பாருங்கள். அவர் அதற்கு முன் சூதாட்ட எந்திர மென்பொருள் துறையில் வேலை செய்தவர் என்பதில் வியப்பு இருக்காது. அந்த வகை விளையாட்டுக்கு நேரம் தானாக ஊறும். ஒருமுறை விடை தெரிந்தால் தீர்ந்துபோகும் புதிருக்கு ஊறாது. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் புதிர் எப்போதும் தோற்கும். ஒரு கட்டத்தில் புதிர் ஆக்குவதை எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை விளையாட்டை எடுத்துக்காட்டும்போதும் இதையே நினைவில் வையுங்கள். எரிக் பரோன் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியாக உழைத்து 2016-இல் 14.99 டாலருக்கு வெளியிட்டு, இன்றுவரை இலவசமாகப் புதுப்பித்து வருகிறார். கோடிக்கணக்கில் விற்றபின் அது அவரால் முடிகிறது. நூறு பிரதி விற்ற ஒருவரிடம் அதை எதிர்பார்ப்பது வேறு.

அமெச்சூர்தானே, இலவசமாகக் கொடுத்தால் என்ன என்ற கேள்வியும் வருகிறது. கொடுக்கிறோம். குறித்த நேரத்துக்குள் விளையாட்டு ஆக்கும் 48 மணிநேர கேம் ஜாமில் ஆக்கியவற்றை நான் என்றும் விற்றதில்லை, அவை முயற்சிகள். மேடி தார்சனும் நோயல் பெர்ரியும் 2015-இல் நான்கு நாட்களில் பைக்கோ-8 என்ற கருவியில் ஆக்கிய செலஸ்ட் என்ற சிறிய விளையாட்டு இன்றும் இலவசம். அதே கருவை வளர்த்தெடுத்து 2018-இல் வெளியிட்ட பெரிய செலஸ்டுக்கு விலை உண்டு. எதை விற்பது, எதைச் சும்மா கொடுப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. விருப்பம்போல் கொடுங்கள் என்று விட்டால் என்ன ஆகும் என்பதையும் 2009 அக்டோபரில் வேர்ல்ட் ஆஃப் கூ என்ற விளையாட்டை ஆக்கியவர்கள் பார்த்துவிட்டார்கள். ஏறத்தாழ 57,000 பேர் வாங்கினார்கள். அதிகம் பேர் தேர்ந்தெடுத்த விலை ஒரு சென்ட். அந்த ஒரு சென்ட் பணப் பரிமாற்றச் செலவுக்கே காணாது. ஆனால் தாராளமாகக் கொடுத்தவர்களும் இருந்ததால் சராசரி இரண்டு டாலரைத் தொட்டது. அந்தச் சோதனை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். எனினும், முன்பு ஒருமுறை என் விளையாட்டை ஒரு வாரம் 49 ரூபாய்க்கு விட்டபோது வாங்கியவர்களில் பலர் அதைத் திறக்கவே இல்லை.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் எழுதாவிட்டால் இது மடலாகாது. கல்லூரி விடுதியில் இருக்கும் ஒருவருக்கு 180 ரூபாய் என்பது இரண்டு வேளைச் சாப்பாடு. அவர் ஒன்றுக்கு இருமுறை யோசிப்பது இயல்பு. பாதி விளையாட்டை எர்லி ஆக்சஸில் விற்றுக் காசை வாங்கிக்கொண்டு காணாமல் போனவர்கள் எங்கள் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். வெளியான மூன்றாம் மாதமே 75 சதவீதத் தள்ளுபடி போட்டு, முதல் நாளில் வாங்கியவரை முட்டாளாக்கியவர்களும் நாங்கள்தான். இதில் ஃபேக்டோரியோ என்ற விளையாட்டை ஆக்கிய குழுவினரின் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்: தள்ளுபடியே கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள், 2018-இல் 20 டாலரிலிருந்து 30 ஆகவும், 2023 ஜனவரியில் 35 ஆகவும் வெளிப்படையாக ஏற்றினார்கள். எல்லோராலும் அப்படி நிற்க முடியாது. என்னால் முடியவில்லை, இப்போது ஆண்டுக்கு ஒருமுறை பொங்கல் வாரத்தில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். ரிவ்யூவில் 70 நிமிடம் என்று எழுதுங்கள். அது வாங்குபவருக்குத் தேவையான செய்தி. அதோடு, அந்த 70 நிமிடத்தில் எந்த இடத்தில் சலித்தீர்கள், எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். எங்களுக்கு அதைவிடப் பயனுள்ள பாடம் வேறு கிடையாது. விலை கூடுதல் என்று பட்டால் விஷ்லிஸ்டில் போட்டுவிட்டுப் பொங்கல் வரை காத்திருங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை. பிடிக்காவிட்டால் பாதியிலேயே நிறுத்திக் காசைத் திரும்பப் பெறுங்கள். அதற்காகத்தான் அந்த விதி இருக்கிறது. கடைசி லெவல் வரை வந்து, அந்த வயல் இன்னொரு வாய்க்காலின் தலைமடை என்பதைப் பார்த்து, நன்றாக இருந்தது என்றும் எழுதிவிட்டால் மட்டும், காசைத் திரும்பக் கேட்கும் பட்டனை அழுத்துவதற்கு முன் ஒரு நிமிடம் தயங்குங்கள். "இன்னும் லெவல்கள் சேர்த்தால் பரிந்துரைப்பேன்" என்று மட்டும் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் சேர்த்துவிடுவோம். சேர்த்தால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லியிருக்கிறேன்.

என் பங்குக்கு நானும் சிலவற்றைச் செய்கிறேன். இரண்டாவது விளையாட்டு முக்கால்வாசி முடிந்திருக்கிறது. இருட்டில் தறியின் ஓசையை மட்டும் கேட்டு, எந்த இழை அறுந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். 17 லெவல்கள், ஏறத்தாழ 50 நிமிடம். விற்பனைப் பக்கத்தின் முதல் வரியிலேயே இந்த நேரத்தை எழுதியிருக்கிறேன். முதல் நான்கு லெவல்கள் டெமோவாக இலவசமாகக் கிடைக்கும். விலை 150 ரூபாய். வெளியான முதல் ஆண்டில் தள்ளுபடி இருக்காது என்பதையும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறேன். டெமோவை விளையாடும்போது காதில் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாம் லெவலில் இரண்டு தறிகளின் ஓசை ஒன்றோடொன்று கலப்பது போதுமான அளவு பிரிந்து கேட்கிறதா என்பதில் எனக்கு இன்னும் ஐயம் இருக்கிறது.

இப்படிக்கு,
வார இறுதிகளில் விளையாட்டு ஆக்கும் ஒருவன்,
கோயம்புத்தூர்